வேருக்கும் ஒரு கவ்வாத்து

பெரும்பாலானோர் ஒரு மரத்தின் வேரை அது சாய்ந்த பிறகுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். கண்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் திகனயிலும் அப்படித்தான். ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கத்துக்கு வெறுங்காற்றாக வந்து சேரும். விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்த சரிவுகளில் அந்தக் காற்று சில நாட்கள் விடாமல் வீசும். அந்தக் காலத்தில்தான் தொலைபேசி அழைப்புகள் வரும். நட்டு நாலைந்து வருடமான பலா, காய்க்கத் தொடங்கிய ஆனைக்கொய்யா, வேலியோரத்து மகோகனி என்று ஏதாவது ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்ந்திருக்கும்.

போய்ப் பார்த்தால் மரம் முறிந்திருக்காது. தண்டும் கிளையும் நல்ல செழிப்பாக இருக்கும். அடியோடு பெயர்ந்து கிடக்கும். வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டி உதிர்த்தால் உள்ளே பொலித்தீன் பையின் உருவம் அப்படியே தெரியும். பையை நட்ட அன்றே கிழித்துப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பைக்குள் வட்டம் போட்ட வேர், மரம் கூரைக்கு மேல் உயர்ந்த பிறகும் அதே வட்டத்திலேயே தடித்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஓடி மண்ணைப் பிடிக்க வேண்டிய வேர்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும், அவையும் ஒரே பக்கமாக.

கன்று வளர்த்து விற்பது என் தொழில். ஒரு மரம் ஐம்பது வருடம் மண்ணில் எப்படி நிற்கப்போகிறது என்பதில் பெரும்பங்கு, அது எங்கள் நாற்றுமேடையில் இருக்கும் சில மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. இதை உணர்ந்த நாற்றுமேடைக்காரர், இலையைப் பார்ப்பதற்கு முன் வேரைப் பார்க்கத் தொடங்குவார். காற்றைக் கொண்டே வேரைக் கவ்வாத்து செய்யும் சாடிகளைப் பற்றி நான் இங்கே எழுதுவது அந்த அக்கறையில்தான்.

தவறணையில் படித்த பாடம்

என் அம்மா தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட காலம் தொட்டு, வெகுகாலம் இந்த நாட்டின் தேயிலை விதைக் கன்றாகத்தான் வளர்ந்தது. பிறகு தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த இரகங்களைத் தண்டிலிருந்து பெருக்கும் முறை வந்தது. ஒரு இலை, ஒரு கணு, அதன் கீழே சிறு தண்டுத் துண்டு. அதை மண் நிரப்பிய பொலித்தீன் பையில் குத்தி, நிழலுக்குள் மூடி வைத்து வேர் பிடிக்க வைப்பார்கள். அம்மாவும் அவரோடு வேலை செய்த பெண்களும் பை நிரப்பும் வேகத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். பை தளர்ந்தாலும் ஆகாது, இறுகினாலும் ஆகாது என்று அம்மா சொல்வார். இறுகிய மண்ணில் காற்றுப் போகாது, காற்றுப் போகாத இடத்தில் வேர் போகாது என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் கவ்வாத்து என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்குவார்கள். உச்சி மொட்டு இருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். உச்சி போனதும் கீழிருப்பவை எல்லாம் விழித்துக்கொண்டு கிளைக்கும். ஒற்றைத் தண்டாக மரமாகியிருக்க வேண்டிய செடி, கொழுந்து பறிக்கும் மேசையாக விரிவது இதனால்தான்.

வேரிலும் இதே ஏற்பாடு உண்டு. வேர்நுனி உயிரோடு முன்னேறும்வரை அதற்குப் பின்னால் பக்கவேர்கள் அடங்கியே இருக்கும். நுனி செத்தால் பின்னாலிருந்து பல வேர்கள் புறப்படும். மேலே கத்தி செய்யும் வேலையைக் கீழே செய்ய யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மண்ணுக்குள் கத்தி விட முடியாது. காற்றை விடலாம்.

பைக்குள் நடப்பது

பலாக்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முளைத்ததும் முதலில் கீழே பாய்வது ஆணிவேர். மேலே இரண்டு இலை விரிவதற்குள் அது சாதாரணப் பையின் அடியைத் தொட்டுவிடும். அடியில் பொலித்தீன். வழுவழுப்பான சுவரில் மோதிய வேருக்கு நிற்கத் தெரியாது. அது சுவரை ஒட்டித் திரும்பி வட்டமிடத் தொடங்கும். பக்கவேர்களும் அதே மாதிரி பையின் ஓரத்தைத் தேடிப் போய், ஓரத்திலேயே சுற்றும். பையின் நடுவில் இருக்கும் நல்ல மண்ணில் வேரே இருக்காது.

நட்ட பிறகும் இந்தச் சுற்று தானாக அவிழாது. வேர் தடிக்கும், தண்டும் தடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். தண்டைச் சுற்றிய வேர் பட்டையை இறுக்கி, இலைகளிலிருந்து இறங்கும் உணவின் பாதையை அடைக்கும். மரம் மெதுவாக வெளிறும். ஒரு பக்கக் கிளைகள் மட்டும் காயும். நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பார்கள். இல்லாவிட்டால் எந்தக் குறியும் காட்டாமல் நின்று, ஒருநாள் காற்றில் போகும்.

பழைய ஆட்கள் பலாவைப் பையில் வளர்க்கவே மாட்டார்கள். நிற்க வேண்டிய இடத்திலேயே குழி போட்டுக் கொட்டையைப் புதைப்பார்கள். நாடெங்கும் பலாவுக்கு இடமுண்டு என்று நம்பிய தலைமுறை அது. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் இந்த நாடெங்கும் பத்து இலட்சம் பலா நட வேண்டும் என்று இயக்கம் நடத்தி, மக்களிடம் ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்ற பெயரே வாங்கினார். ஆணிவேர் தடையில்லாமல் இறங்கிய பலாக்கள் இன்றும் கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் நிற்கின்றன. ஆனால் இன்றைக்கு வீட்டுக்காரர் கொட்டையை அல்ல, கன்றைத்தான் கேட்கிறார். ஒட்டுக்கன்று என்றால் பையில் வளர்த்துத்தான் ஆக வேண்டும். ஆகவே பையைத் திருத்துவதே வழி.

இன்னொரு சங்கதி இருக்கிறது. பல இடங்களில் பைகளை வெறும் தரையில் அடுக்கி வைக்கிறார்கள். பையின் ஓட்டை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடும். அப்புறம் கன்று பைக்குள் இருக்கும் மண்ணையா நம்பி வாழும்? தரையிலிருந்து உறிஞ்சிக் கொழுகொழுவென்று வளரும். வாங்க வருபவர் அந்த உயரமான கன்றையே கைகாட்டுவார். அதைப் பிடுங்கித் தூக்கும்போது முக்கியமான வேர்கள் தரையிலேயே அறுந்து நின்றுவிடும். வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு வாரத்தில் இலை உதிர்ந்தால், குறை வாங்கியவர் கையில் இல்லை.

காற்று வெட்டுகிற விதம்

சாடியின் சுவரிலும் அடியிலும் காற்றுப் புகும் இடைவெளிகள் இருந்தால் கதை மாறுகிறது. ஈரமான கலவைக்குள் முன்னேறி வந்த வேர்நுனி அந்த இடைவெளியை அடைந்ததும் உலர்ந்த காற்றைச் சந்திக்கிறது. நுனியில் இருப்பது மிக மென்மையான வளர்திசு. அது சில மணி நேரத்தில் வாடி, ஓரிரு நாளில் செத்துவிடும். அந்த நுனியின் கட்டுப்பாடு நீங்கியதும் பின்னாலிருந்து பக்கவேர்கள் புறப்படும். அவையும் வேறு திசையில் சுவரை அடையும், அவற்றின் நுனியும் காயும், மறுபடி கிளைக்கும். இப்படியே போனால் சாடியின் நடுவிலிருந்து ஓரம்வரை எல்லாத் திசையிலும் மெல்லிய வேர்கள் நிறைந்துவிடும். சுற்றிய வேர் ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவில் கார்ல் விட்கோம்ப் என்ற தோட்டக்கலை விஞ்ஞானி 1960களின் பிற்பகுதியில் அடியில்லாத பால் அட்டைப் பெட்டிகளில் கன்று வளர்த்து, அவற்றைக் கம்பி வலை மேல் தூக்கி வைத்துப் பார்த்தார். அடியில் காற்றுப்பட்டு ஆணிவேர் நின்றதும் மேலே பக்கவேர்கள் பெருகின. பிறகு ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, ‘ரூட்மேக்கர்’ என்ற சாடியை உருவாக்கினார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஓர் அளவு: நுனி செத்த வேரில் புதிய கிளைகள் பெரும்பாலும் நுனியிலிருந்து நாலு அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்குள் வரும். அதனால் விதைக்கன்றின் முதல் சாடி ஆழமாக இருக்கக் கூடாது. நாலு அங்குலத்தில் ஆணிவேரை நிறுத்தினால் கிளைகள் தண்டின் அடியிலேயே, மரத்துக்கு வேண்டிய இடத்தில் புறப்படும். ஓரடி ஆழத்தில் நிறுத்தினால் கிளைகள் அங்கே கீழேதான் வரும், மேலே ஒன்றுமிருக்காது.

தமிழ்நாட்டு வனத்துறை நாற்றங்கால்களில் காணப்படும் ‘ரூட் டிரெய்னர்’ குழிகளும் இதே குடும்பம்தான். உட்சுவரில் நெடுக்குக் கோடுகள் இருக்கும். வேர் சுற்றாமல் அந்தக் கோடு வழியே கீழே இறங்கி, அடியில் உள்ள பெரிய துளையில் காற்றுப்பட்டு நிற்கும். ஸ்காட்லாந்தில் தயாராகும் ‘ஏர்-பொட்’ சாடியில் சுவர் முழுக்கக் கூம்புகளும் துளைகளும். ‘ஜியோ பை’ என்று இங்கே விற்கும் துணிப் பைகளிலும் சுவரெல்லாம் காற்றுப் புகும்.

புதுமை என்று பேசினாலும் எங்கள் மலைநாட்டுக்கு இது முழுக்கப் புதிதில்லை. பொலித்தீன் வருவதற்கு முன் கன்றுகளைப் பின்னிய கூடைகளிலும் மூங்கில் குழாய்களிலும் வளர்த்தார்கள். கூடையின் இடைவெளியில் வேர் எட்டிப் பார்த்துக் காய்ந்தது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பொலித்தீன் மலிவாக வந்தபோது கூடையோடு சேர்ந்து அந்த நன்மையும் போனது.

மேடையும் சாடியும்

எங்கள் இடத்தில் முதலில் மாறியது சாடியல்ல, தரை. சீமெந்துக் கல் அடுக்கி, அதன் மேல் குழாய் வைத்து, கம்பி வலை விரித்து முழங்கால் உயரத்தில் மேடை போட்டோம். இதைச் செய்யாமல் எத்தனை விலையுயர்ந்த சாடி வாங்கினாலும் பயனில்லை. ஓட்டையுள்ள சாடியைத் தரையில் வைத்தால் ஓட்டை அடைபட்டு, வேர் மண்ணுக்குள் போய்விடும். அடியில் காற்று ஓட வேண்டும்.

சாடிக்கு நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் கைக்கெட்டிய பொருட்களையே. மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைக்குள் நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்து விதைப் பெட்டியாக்குகிறோம். வெறுமையான உரச்சாக்கை வெட்டித் தைத்தால் பெரிய கன்றுக்குப் பை. பின்னப்பட்ட சாக்கின் இழைகளுக்கிடையே காற்றுப் போகும். வெயிலில் ஓராண்டுக்கு மேல் தாங்காது, ஆனால் கன்று அதற்குள் மண்ணுக்குப் போய்விடும். தென்னந்தும்பில் செய்த சாடியும் உண்டு. அதை அப்படியே மண்ணில் புதைக்கலாம். கூம்பு வைத்த பிளாஸ்டிக் தகடுகளைச் சுருட்டிப் பூட்டும் சாடிகளை, பல வருடம் வைத்திருக்கப் போகும் தாய்மரங்களுக்கு மட்டும் வாங்குகிறோம். அவை விலை கூடியவை. கழற்றிக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் தாய்மரத்துக்குக் கட்டுப்படியாகும்.

தெல்தெனியப் பக்கத்திலிருந்து வழமையாகக் கன்று வாங்க வரும் ஒருவர், நிழல்வலைக் கூடைகளை முதலில் பார்த்தபோது கேட்டார்:

“தம்பி, சுத்திவர ஓட்டையா இருக்கே. தண்ணி நிக்குமா?”

“நிக்கக் கூடாது நானா. தண்ணி நின்னா வேர் அழுகும். காத்துப் போனாத்தான் வேர் கிளைக்கும். இதப் பாருங்க.”

ஒரு கோப்பிக் கன்றைக் கூடையிலிருந்து தூக்கிக் காட்டினேன். காலை வெயிலில் வலையின் கண்களுக்குள் வேர்நுனிகள் தெரிந்தன. வெளியே எட்டிய ஒவ்வொரு நுனியும் கபில நிறமாகக் காய்ந்து, நகம் பட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதற்கு ஒரு விரற்கடை பின்னால், கலவைக்குள், வெள்ளை வெளேரென்று புது முளைகள். ஒரு காய்ந்த நுனிக்குப் பின்னால் ஐந்தாறு. வலையை விலக்கியும் கலவை உதிரவில்லை. வேர்களே அதைப் பிடித்து வைத்திருந்தன. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “செத்த வேர்னு நினைச்சேன். இது பெத்த வேர்” என்றார். அன்றிலிருந்து அவர் கன்றின் உயரத்தைக் கேட்பதில்லை.

கலவை

இந்தச் சாடிகளுக்கு வெறும் மண் சரிவராது. எங்கள் செம்மண் ஈரத்தில் இறுகும், காய்ந்தால் துளை வழியே உதிரும். தும்புத்தூள்தான் அடிப்படை. தென்னை முக்கோணம் உள்ள நாடு நமது; குருணாகல் பக்கத்து ஆலைகளிலிருந்து ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கப்பலேறும் தும்புத்தூள் இங்கே கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. ஆனால் அதில் உப்பு இருக்கும். சோடியமும் பொட்டாசியமும் தூளில் ஒட்டிக்கொண்டு, கல்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் இடம் விடாது. நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வடித்தபிறகே கலவைக்கு எடுக்க வேண்டும். அலசாத தூளில் இளம் இலையின் ஓரம் கருகும்.

அலசிய தும்புத்தூள் மூன்று பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. இதில் டொலமைட் கொஞ்சம். டொலமைட் திகனச் சுற்றுவட்டாரத்திலேயே தோண்டி எடுக்கப்படும் கல். தேயிலைத் தோட்டங்கள் மண்ணின் புளிப்பு அளவு மீறும்போது அதைக் குறைக்க இதைத்தான் வாங்கிப் போடுகின்றன. கல்சியம், மக்னீசியம் இரண்டும் அதிலுண்டு என்பதால் தும்புத்தூளின் குறைக்கு இதுவே மலிவான மருந்து. தேயிலைக் கன்றுக்கு மட்டும் போடக்கூடாது. அதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும்.

சாடியின் அடியில் கல்லோ ஓட்டுத்துண்டோ போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். எந்தச் சாடியிலும் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் நிறைந்து நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. கல் போட்டால் அந்த ஈரப்படை அப்படியே மேலே, வேரை நோக்கி நகரும். வேர் வாழ வேண்டிய இடம்தான் குறையும். கல்லுக்குப் பதிலாகக் கலவையைக் கரடுமுரடாக்குங்கள். ஆனைக்கொய்யாவுக்கு இது உயிர்ப்பிரச்சினை. தேங்கிய ஈரத்தில் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் வந்தால் அந்தக் கன்றைக் காப்பாற்றுவது கடினம்.

தண்ணீர்தான் விலை

காற்றுச் சாடிக்கு விலை கடையில் மட்டும் கொடுப்பதல்ல. தினமும் தண்ணீரில் கொடுக்க வேண்டும். எல்லாப் பக்கமும் காற்றுப் போவதால் எல்லாப் பக்கமும் ஈரம் போகும். கண்டி நகரில் மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் குண்டசாலையைத் தாண்டியதும் தார் வீதி காய்ந்து கிடப்பதை இந்தப் பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் அறிவார்கள். எங்கள் பக்கம் அந்தளவு வித்தியாசம். பெப்ரவரி, மார்ச் வெயிலிலும் ஜூலைக் காற்றிலும் காலை மாலை இரண்டு நேரமும் ஊற்ற வேண்டும். பொலித்தீன் பைக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றிப் பழகியவருக்கு இது பெரிய மாற்றம். ஒரு நாள் தவறினாலும் நுனியோடு நிற்காமல் உள்வேரும் காயும்.

மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரத்தைக் கணிக்க முடியாது. சாடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நனைந்த சாடியின் கனம் கைக்குப் பழகிவிட்டால், எப்போது ஊற்ற வேண்டும் என்று கையே சொல்லும். காற்று வரும் பக்கத்து ஓர வரிசைகள் முதலில் காயும். அந்தப் பக்கம் நிழல்வலையோ மானாப்புல் தட்டியோ கட்டினால் ஊற்றும் தண்ணீரில் கணிசமாக மிச்சமாகும். அதேசமயம் காற்றை ஒரேயடியாக அடைத்துவிட்டால் வேர்நுனி காயாது. தட்டியை மேடைக்கு ஓரடி தள்ளிக் கட்டுகிறோம்.

சுவர் வழியாக ஈரம் போகும்போது உப்பு தங்கிவிடும். துணிப் பைகளின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்தால் அதுதான். மாதத்துக்கு ஒருமுறை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிட வேண்டும். இந்த ஈர இழப்பில் ஒரு நன்மையும் உண்டு. துணிச் சுவரில் ஈரம் ஆவியாகும்போது சாடி குளிரும். அதே வெயிலில் கறுப்புப் பொலித்தீன் பையின் வெயில் படும் பக்கத்து வேர் வெந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

தும்புத்தூளில் சத்து அதிகமில்லை, ஊட்ட வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கியது. அடுத்த வருடப் பொருளாதார நெருக்கடியில் உர விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நாட்களில் கிளிசரீடியா இலையைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, நீர் சேர்த்து ஊற்றினோம். நுண்வேர் நிறைந்த கன்றுகள் கொடுத்த கொஞ்சத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டன. அந்த ஊறலை இன்றும் விடவில்லை.

எதற்கு, எத்தனை காலம்

ஆணிவேர் வேகமாக ஓடும் மரங்களுக்கு இந்த முறை முதலில் வேண்டும்: பலா, மா, ஆனைக்கொய்யா, மகோகனி, வேம்பு. கோப்பிக்கும் தோடைக்கும் மிக நன்று. இரண்டுக்கும் வளைந்த ஆணிவேர் பெரிய சாபம். கராம்பும் சாதிக்காயும் மெதுவாக வளர்வதால் மேடையில் அதிக காலம் இருக்கும். அவற்றின் வேர் பையில் சுற்றுவதற்கு அவகாசமும் அதிகம். கண்டி, மாத்தளை மாவட்டங்களின் வாசனைப் பயிர்த் தோட்டங்களை நினைத்தால், இந்த இரண்டுக்கும்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். மங்குஸ்தானுக்கு அவசரப்படக் கூடாது. அதன் ஆணிவேரில் பக்கவேர்கள் அரிதாகவே வரும். ஆழமான சாடி கொடுத்துப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

தென்னைக்கும் கமுகுக்கும் இதைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து ஒரே தடிப்பான வேர்கள் புறப்பட்டுக்கொண்டே இருக்கும். புளோரிடாவில் பனைக் குடும்பத்து மரங்களில் செய்த ஆய்வில், வெட்டிய தென்னை வேர்களில் ஏறத்தாழப் பாதிதான் கிளைத்தன. சில பனையினங்களில் வெட்டிய வேர் அடியோடு செத்தது. அந்தக் கன்றுகளுக்கு நல்ல சாதாரணப் பையே போதும்.

காற்றுச் சாடி இருக்கிறது என்பதற்காகக் கன்றை வருடக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. வேர் சுற்றாது, ஆனால் நிறைந்துவிடும். கலவையில் இடமே இல்லாதபோது காற்று போகும் வெளியும் குறைந்து கன்று தேங்கும். தூக்கினால் கலவை உதிராமல் கட்டியாக வரும் நாள்தான் நடுவதற்கான நாள். அதற்கு மேல் தாமதமானால் பெரிய சாடிக்கு மாற்ற வேண்டும். நாங்கள் விதை போடும் காலத்தைப் பின்னிருந்து எண்ணி வைக்கிறோம். திகனப் பக்கத்தில் ஒக்டோபர், நவம்பர் மழையோடுதான் நடவு. வடகீழ்ப் பருவமழையும் அதைத் தொடர்ந்து வருவதால் கன்றுக்கு வறட்சிக் காலத்துக்கு முன் வேரோட நேரம் கிடைக்கிறது. அந்த நாளுக்குக் கன்று தயாராக இருக்கும்படி விதைக்க வேண்டும்.

நட்ட பிறகு நடப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி. பொலித்தீன் பைக் கன்று முதல் சில வாரம் அசையாமல் நிற்கும். காற்றுச் சாடிக் கன்றில் நூற்றுக்கணக்கான நுனிகள் காய்ந்து, அவற்றின் பின்னால் அதைவிடப் பல மடங்கு முளைகள் காத்திருக்கும். ஈர மண் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். பக்கத்தில் பக்கத்தில் நட்ட இரண்டு கன்றுகளை அடுத்த மார்ச் வெயிலில் பார்த்தால், எது எந்தச் சாடியில் வளர்ந்தது என்று கேட்க வேண்டியிராது.

வாங்குகிறவர்களுக்கும் வளர்க்கிறவர்களுக்கும்

1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. வாழ்விடம் இழந்த பல குடும்பங்கள் மேட்டு நிலங்களுக்கு வந்தன. அந்தச் சரிவுகளிலிருந்து கழுவிப்போகும் மண், கடைசியில் அந்த நீர்த்தேக்கத்தில்தான் படிகிறது. இந்தச் சரிவில் நடும் ஒவ்வொரு மரமும் பழத்துக்கும் பலகைக்கும் மட்டுமல்ல, மண்ணைப் பிடிப்பதற்கும்தான். சுற்றிய வேர் மண்ணைப் பிடிக்காது. ஆண்டுதோறும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் கன்று நடும் விழாக்கள் நடக்கின்றன. எத்தனை கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்கிறோம். எப்படிப்பட்ட வேரை நட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் கன்று வாங்கும்போது ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்த்த பிறகு விலை பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது சிறிய வேலை. உயரத்தைப் பார்க்காதீர்கள். கன்றைப் பையோடு தூக்குங்கள். தரையைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் அதை விட்டுவிடுங்கள். தண்டின் அடியில் மேல்மண்ணை விரலால் விலக்குங்கள். குறுக்கே ஒரு வேர் சுற்றிப் போனால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்ட கன்றில் சுற்றிய வேர் இருந்தால், நடும்போது பையின் ஓரத்தை ஒட்டிய வேர்ப்படலத்தைக் கூரான கத்தியால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் சுருண்டதை வெட்டி எறிந்துவிட்டு நடுங்கள். கன்று சில நாள் வாடும், பிறகு தேறும். வெட்டாமல் நட்டால் வாடாது; சில வருடம் கழித்துச் சாயும்.

தொழில் செய்யும் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். புதுச் சாடி வாங்கப் பணமில்லை என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். இருக்கிற பொலித்தீன் பைகளின் அடி மூலை இரண்டையும் வெட்டிவிட்டு, அவற்றைத் தரையிலிருந்து தூக்கிக் கம்பி வலை மேல் வையுங்கள். கம்பி வலை இல்லையென்றால் மூங்கில் பிளாச்சுப் போதும். ஆணிவேர் அடியில் காற்றுப்பட்டு நிற்கும். பாதிக் குறை அதிலேயே தீரும். அதற்கு ஆகும் செலவு ஒரு மரம் சாய்ந்து வீட்டுக் கூரை உடைவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அடுத்த ஒக்டோபர் நடவுக்கு விதை போடும் முன் உங்கள் பைகளைத் தரையை விட்டுத் தூக்கிவிடுங்கள்.